பட்டறைப் பதில்கள்: கழுத்தில் இறங்காத ஹாப்பர்

கேள்வி: ஐயா, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து பழைய பெயின்ட்பால் மார்க்கர் (பெயின்ட் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்று வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். பக்கம் போய் விளையாடுவோம். வேகமாக அடித்தால் மேலே இருக்கும் சாதா ஹாப்பரிலிருந்து (குண்டு நிரப்பும் டப்பா) குண்டு இறங்குவதற்குள், குண்டைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட் வந்து பாதியில் நறுக்கிவிடுகிறது. அதனால் மோட்டாரால் குண்டை இறக்கும் ஹாப்பர் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். அதன் அடிக்குழாய் மார்க்கரின் கழுத்துக்குள் (ஹாப்பரைச் செருகும் வாய்) இறங்க மாட்டேன் என்கிறது. கழுத்தின் உள்விட்டம் 25.2 மி.மீ., குழாயின் வெளிவிட்டம் 25.6 மி.மீ. லேத்தில் கொடுத்துக் கழுத்தைப் பெரிதாக்கிவிடலாமா? — வாசகர், மேடவாக்கம்

பதில்: வெர்னியர் வைத்து அளந்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்களே தம்பி, அதற்கே உங்களுக்கு ஒரு டீ. பாதிப் பேர் ‘கொஞ்சம் டைட்டா இருக்கு’ என்று மட்டும்தான் எழுதுகிறார்கள்.

கழுத்தைத் தொடாதீர்கள். அந்தத் தப்பை நான் செய்து பார்த்துவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் லேத் ஓட்டிய திமிர். மச்சினன் மகன் கொண்டுவந்த மார்க்கரின் அலுமினியக் கழுத்தைக் கழற்றி, லேத் சக்கில் பிடித்து, உள்ளே குடைந்து பெரிதாக்கப் போரிங் போட்டேன். சன்னமான சுவர், டூல் அதிர்ந்தது. 0.2 எடுக்க வேண்டிய இடத்தில் 0.6 போய்விட்டது. அடுத்த வாரம் கோவளத்துப் பக்கம் ஒரு மைதானத்தில் பையன் பதுங்குவதற்காகக் குப்புற விழ, ஹாப்பர் கழன்று தனியாக ஓடியது. இருநூறு குண்டும் மணலில். மணல் ஒட்டிய குண்டைத் திரும்பப் போடவும் முடியாது, பேரல் கீறிவிடும். “மாமா, நீங்க டர்னர்தானே?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

தேய்க்க வேண்டியது ஹாப்பரின் பிளாஸ்டிக் குழாயை. ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. போதும், லேத்தெல்லாம் எதற்கு? எமரி துணியை விரலகலத்துக்குக் கிழித்துக் குழாயைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மோர் கடைகிற மாதிரி மாற்றி மாற்றி இழுங்கள். பத்து இழுப்புக்கு ஒருமுறை ஹாப்பரைக் கால் சுற்று திருப்பிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் தேய்த்தால் குழாய் முட்டை வடிவமாகிவிடும், பிறகு எந்தக் கிளாம்ப்பும் பிடிக்காது. கழுத்துக்குள் போகிற ஆழம் வரைக்கும் டேப் ஒட்டி எல்லை போட்டுக்கொள்ளுங்கள். நடுநடுவே போட்டுப் பாருங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. உங்கள் கழுத்தில் கிளாம்ப் திருகு இருந்தால் கொஞ்சம் தளர்ந்தாலும் பரவாயில்லை. அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று போட்டால் சரியாகிவிடும். கழுத்து விஷயத்தில் அந்த வசதி கிடையாது.

குழாயின் அடி விளிம்பை மறந்துவிடாதீர்கள். உள்பக்கமாக நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டினால் பிசிறு. அதைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிடுங்கள். குண்டின் தோல் ஜெலட்டின், மாத்திரைக் கேப்ஸ்யூல் மாதிரி. பிசிறில் உரசினால் கிழிந்து, பெயின்ட் உள்ளே வழிந்து, புது ஹாப்பரும் பழைய ஹாப்பர் மாதிரியே மக்கர் பண்ணும். கடைசியில் தூளைத் துடைத்துவிட்டு நாலைந்து குண்டை மேலிருந்து ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள். எங்கேயும் தயங்காமல் இறங்க வேண்டும்.

தயங்கினால் உடனே குழாயைத் திட்ட வேண்டாம். குண்டை அளந்து பாருங்கள். 0.68 காலிபர், அதாவது 0.68 அங்குல விட்டம் என்றால் சுமார் 17.3 மி.மீ. நம் ஊர்க் கடற்காற்றில் பாக்கெட்டைத் திறந்துபோட்டால் ஜெலட்டின் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும், உருண்டையாகவும் இருக்காது. ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இதையெல்லாம் தொடங்குமுன் மார்க்கரின் காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, பேரல் உறை மாட்டி, உள்ளே நிற்கிற மிச்சக் காற்றையும் வெளியேற்றிவிடுங்கள். கழுத்துக்குள் விரல் இருக்கும்போது போல்ட் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் இடது ஆள்காட்டி விரல் நகம் சாட்சி.

கேள்வி: துப்பாக்கி மாதிரி இருப்பதை ஏன் ‘மார்க்கர்’ என்கிறார்கள்? — வாசகி, பெரம்பூர்

பதில்: அதன் முதல் வேலையே அடையாளம் வைப்பதுதான் அம்மா. அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரத்துக்கும் மந்தையில் தனியே பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே பெயின்ட் பொட்டு வைக்கச் செய்த கருவி. 1981-ல் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு கொடியைக் கைப்பற்றும் ஆட்டம் ஆடினார்கள், விளையாட்டு அப்படித்தான் பிறந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டிய காலம் அது. ஜெயித்தவர் மரம் பார்க்கும் தொழில்காரர், ஆட்டம் முழுக்க ஒரு குண்டுகூடச் சுடவில்லையாம்.