சின்ன டிராக்டரில் ஹைட்ராலிக் ஆயிலை நாமே மாற்றலாமா, ஒர்க்ஷாப்பில் விடுவதுதான் நல்லதா? ஒர்க்ஷாப்பில் விட்டால் நிம்மதி என்று தோன்றுகிறது.

தாராளமாக நீங்களே மாற்றலாம். "ஒர்க்ஷாப்பில் விட்டால் நிம்மதி" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நானும் அந்த நிம்மதியில் இருந்தவன்தான். இரண்டு தடவை வண்டியை விட்டேன். இரண்டு பில்லிலும் "ஹைட்ராலிக் ஆயில், ஃபில்டர் மாற்றியது" என்று இருந்தது. மூன்றாம் வருடம் மழைக்காலம் முடிந்த சமயம், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஹைட்ராலிக் பம்பிலிருந்து ஊளைச் சத்தம் வந்தது. பின்னால் கருவியைத் தூக்கும் லிஃப்ட் சீராக ஏறாமல் திக்கித் திக்கி ஏறியது. சரி, பார்த்துவிடுவோம் என்று வண்டிக்கு அடியில் படுத்து ஃபில்டரைத் துணியால் துடைத்தேன். ஃபில்டரின் மேலும் அது உட்காரும் இடத்தின் மேலும் சேர்த்துத் தொழிற்சாலையில் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு போட்டிருந்தார்கள், இறுக்கியது நகர்ந்தால் தெரிவதற்காக. அந்தக் கோடு துளிகூட விலகாமல் நேராக இருந்தது. புது ஃபில்டர் மாட்டியிருந்தால் பாதிக் கோடு போயிருக்கும். அதாவது, இரண்டு தடவையும் அதை யாரும் தொடவே இல்லை.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல கைகள் நிறைய உண்டு. ஆனால் அன்று ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றியபோது வந்த ஆயில் பால்போல வெளுத்திருந்தது. பெரும்பாலும் தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். தேடிப் பார்த்ததில் கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை மடிப்பில் வெடித்திருந்தது. மழையும், நான் பிரஷர் பம்ப் வைத்துக் கழுவிய தண்ணீரும் அந்த வழியாக இறங்கியிருக்கின்றன. ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

இனி வேலைக்கு வருகிறேன். பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் கியர்பாக்ஸ், லிஃப்ட், பின் அச்சு, ஆயிலில் முங்கிய பிரேக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். அதனால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றாதீர்கள். பிரேக் தட்டுகள் பிடிக்கும்போது உறுமும், அதிரும். யூ.டி.டி.ஓ. (டிராக்டரின் கியர், லிஃப்ட், பிரேக் எல்லாவற்றுக்கும் பொதுவானது) வகை ஆயிலில் உங்கள் வண்டிப் புத்தகம் சொல்லும் தரத்தைப் பார்த்து வாங்குங்கள். சில வண்டிகளில் ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி இருக்கும். ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டி (ஆயில் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டுவது) என்றால் இரண்டாவது ஃபில்டர் இருக்கலாம். இதையும் முதலில் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமதரையில் நிறுத்தி, கருவியைக் கழற்றி, லிஃப்டை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு இன்ஜினை அணையுங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். ஒரு போல்ட்டோடு நிறுத்தியதுதான் நான் செய்த தவறு. புத்தகத்தில் 21 லிட்டர் என்று இருந்தது, வந்ததோ 14. மிச்சம் பின் அச்சின் இரு பக்கத்திலும் தேங்கி நின்றது, அங்கே தனித்தனியாக போல்ட் இருக்கிறது. போல்ட்டில் காந்தம் இருந்தால் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயமில்லை, இரும்புத் துண்டு ஒட்டியிருந்தால் அதைக் கட்டாயம் நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவிக் கையால் இறுக்கினால் போதும். உறிஞ்சும் பக்கத்தில் கம்பிவலை இருந்தால் கழுவி மாட்டுங்கள். அங்கே காற்று புகுந்தால் ஆயில் நுரைக்கும்.

ஊற்றும்போது அவசரம் வேண்டாம். அச்சுக்குள் இறங்க நேரமாகும். பிறகு நிறுத்திய இடத்திலேயே இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, லிஃப்டை நாலைந்து தடவை ஏற்றி இறக்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் திருப்பி, அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கில் மறுபடி பாருங்கள். அளவு குறைந்திருக்கும். என் வண்டியில் தண்ணீர் இருந்ததால் புது ஆயில் ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, இரண்டு முறை வடித்தேன். செலவு வலித்தது, ஆனால் பம்பை மாற்றுவதைவிட மேல்.

ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் வலிகூடத் தெரியாது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

"வாரண்டி போய்விடும்" என்று யாராவது சொல்ல வருவார்கள். வாரண்டி இருக்கும்வரை அதன் விதியைப் படித்துவிட்டே கை வையுங்கள், ஆயில், ஃபில்டர் பில்களையும் எடுத்து வையுங்கள். பல வண்டிகளுக்கு முதல் மாற்றம் 50 மணிநேரம் ஓடியதும் வரும், புதுப் பல்சக்கரங்கள் தேய்ந்து உதிரும் தூள் அப்போதுதான் அதிகம். அடுத்தடுத்து எத்தனை மணிநேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மணிக்கணக்கு என்றதும் நினைவு வருகிறது: வெயிலில் நிற்கும் வண்டிக்கு, மூன்று வருடத்தில் மங்கிப் போகும் மணி மீட்டர் கண்ணாடியை ஏன் வைக்கிறார்கள்? என் மீட்டரில் எட்டையும் மூன்றையும் பிரித்துப் பார்க்க டார்ச் அடிக்க வேண்டியிருக்கிறது. பராமரிப்பு முழுக்க அந்த எண்ணை நம்பித்தானே நடக்கிறது!

அதனால் இப்போது புது ஃபில்டரின் மேல் தேதியையும் மணியையும் பெயின்ட் பேனாவால் எழுதி, குறுக்கே என் கோட்டையும் போட்டு வைத்திருக்கிறேன்.