பாய்மரக் கப்பல் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி எப்படி அட்மிரல் ஆனார்?

திறமை போதுமா, செல்வாக்கும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டும். ஆனால் கேப்டன் ஆன பிறகு பதவி உயர்வுக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அட்மிரல் கத்பர்ட் காலிங்வுட்டின் வாழ்க்கையைப் பார்த்தால் இது புரியும்.

நியூகாசில்காரரான அவர் 1761-இல் சிறுவனாகக் கப்பல் ஏறினார். அப்போது தரைப்படையில் அதிகாரிப் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம், கடற்படையில் முடியாது. அதிகாரிப் பதவியின் முதல் படியான லெப்டினன்ட் ஆக 6 வருடக் கடல் அனுபவம், அப்புறம் மூத்த கேப்டன்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு வேண்டும். காலிங்வுட் லெப்டினன்ட் ஆக 14 வருடம் ஆனது. அவருடைய நண்பரும் பின்னாளில் புகழ்பெற்ற அட்மிரலுமான நெல்சனுக்கோ அது 18 வயதிலேயே கிடைத்துவிட்டது. நெல்சனின் தாய்மாமன் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார்.

காலிங்வுட் 1780-இல் முழு கேப்டன் ஆனார். இதற்கு மேல் எல்லாமே பணிமூப்புதான். கேப்டன்களின் பணிமூப்புப் பட்டியலில் முன்னால் இருப்பவர்கள் இறந்தோ உயர்ந்தோ வழிவிட வேண்டும். யாரும் யாரையும் தாண்ட முடியாது. சமாதான காலத்தில் கப்பல் கிடைக்காமல் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருக்க வேண்டியதுதான். அட்மிரல் பதவிகளில் முதல் படியான ரியர் அட்மிரல் ஆக அவர் 19 வருடம் காத்திருந்தார்.

கரைக்கு வந்தால் சட்டைப்பையில் ஓக் விதைகளோடு நடப்பார், நல்ல மண் கண்ட இடத்தில் ஊன்றுவார். வருங்காலப் போர்க்கப்பல்களுக்கு மரம் வேண்டுமே! எனக்கு அவரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் இறந்ததும் தலைமை இவர் கைக்கு வந்தது. அதன்பின் வீடு திரும்பவே இல்லை. 1810-இல் ஊருக்குக் கிளம்பிய கப்பலிலேயே உயிர் பிரிந்தது.