சராசரி மதிப்புத் தேற்றத்துக்கும் திடப்பொருள் பிணைப்புக்கும் என்ன சம்பந்தம்?

பிளஸ் டூவில் ஒரே சமயத்தில் இரண்டையும் படிக்கிறேன், இரண்டுக்கும் தொடர்பு உண்டா, இல்லை தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்பு உண்டு. சூடாக்கினால் திடப்பொருள் ஏன் விரிகிறது என்று கேட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்.

தேற்றம் சொல்வது இதுதான்: உடையாமல், கூர்முனை இல்லாமல் செல்லும் ஒரு வளைவரையில் இரண்டு புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டுக்கு இணையான தொடுகோடு நடுவில் எங்கேயாவது இருந்தே தீரும். இரண்டு புள்ளிகளும் ஒரே உயரத்தில் இருந்தால் அதுவே ரோலின் தேற்றம். தொடுகோடு படுக்கையாக இருக்கும். (பிரெஞ்சுக் கணிதவியலாளர் ரோல் 1691-இல் இதைப் பல்லுறுப்புக் கோவைகளுக்கு மட்டும்தான் சொன்னார். மனிதர் நுண்கணிதத்தையே நம்பாதவர்!) அந்தப் புள்ளி எங்கே என்று தேற்றம் சொல்லாது. இருபடிச் சார்பில் மட்டும் அது எப்போதும் நட்டநடுவில் விழும். x³ என்ற முப்படிச் சார்பை 0 முதல் 3 வரை எடுத்தால் 1.5-இல் விழாது, 1.732-இல் விழும்.

இனி வேதியியல். இரண்டு ஆர்கான் அணுக்களின் நிலையாற்றலை அவற்றுக்கிடையிலான தூரத்துக்கு எதிராக வரையுங்கள். ரொம்ப நெருங்கினால் விலக்கு விசை, ஆற்றல் செங்குத்தாக ஏறும். விலகினால் வாண்டர்வால்ஸ் கவர்ச்சி (அணுக்களுக்கிடையிலான வலுக்குறைந்த ஈர்ப்பு) மெல்ல மெல்லத் தேயும். நடுவே ஒரு பள்ளம். இந்த வளைவரையைத் தரும் லெனார்ட் ஜோன்ஸ் சூத்திரப்படி அடிப்பகுதி 3.82 ஆங்ஸ்ட்ராமில் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). பள்ளத்தின் பாதி ஆழத்தில் ஒரு கிடைக்கோடு போட்டால் அது வளைவரையை 3.49-இலும் 4.68-இலும் வெட்டும். இரு இடத்திலும் ஆற்றல் ஒன்றே. ஆகவே இடையில் எங்கோ சாய்வு, அதாவது விசை, சுழியாக வேண்டும் என்கிறார் ரோல். அந்த இடம்தான் பிணைப்பு நீளம்.

இப்போது நடுப்புள்ளியைப் பாருங்கள்: 4.09. விசை சுழியாகும் இடமோ 3.82. பள்ளம் இருபடி வளைவரையாக இருந்திருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். எவ்வளவு அதிர்ந்தாலும் அணுக்களின் சராசரித் தூரம் மாறாது, வெப்ப விரிவே இருக்காது. நிஜத்தில் வலப்பக்கச் சரிவு சாய்ந்து கிடப்பதால், ஆற்றல் ஏற ஏற நடு வலப்பக்கம் நகர்கிறது. பொருள் விரிகிறது.

பிணைப்பு வகை இங்கேதான் வேலை காட்டுகிறது. வைரத்தின் சகப்பிணைப்புப் பள்ளம் ஆழமானது, ஒடுக்கமானது: அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் விரியும். அயனிப் பிணைப்புள்ள சாப்பாட்டு உப்பு சுமார் 40 பங்கு. உலோகப் பிணைப்புள்ள சோடியம் 70 பங்கு. 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் அளவுக்குப் பிணைப்பு வலுவற்ற உலோகம் என்பதால் அதில் ஆச்சரியமில்லை.

எனக்குப் பிடித்த உதாரணம், கார்பன் தளங்கள் அடுக்கடுக்காக அமைந்த கிராஃபைட். தளத்துக்குள் கார்பன்களுக்கிடையே 1.42 ஆங்ஸ்ட்ராம், சகப்பிணைப்பு. அடுக்குகளுக்கிடையே 3.35, வெறும் வாண்டர்வால்ஸ் விசை. சூடாக்கினால் அடுக்குகள் விலகும் திசையில் நன்றாகவே விரிகிறது. தளத்தின் திசையில் விரிவதில்லை, அறை வெப்பநிலையில் சற்றுச் சுருங்கவே செய்கிறது. அந்தச் சுருக்கத்துக்குக் காரணம் தளங்கள் மேலும் கீழும் அலைவது. மேலே சொன்ன ஒற்றைப் பள்ளக் கணக்கு அதற்குப் போதாது.