சிபிடி எண்ணெய்: விளையாட்டு வீரர்களின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: என் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள், 800 மீட்டர் ஓடுகிறாள். தருமபுரி மாவட்ட விளையாட்டு அரங்கில் காலையும் மாலையும் பயிற்சி. சில வாரங்களாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலிக்கிறது என்கிறாள். பெங்களூரில் பயிற்சி பெறும் மூத்த வீராங்கனை ஒருவர், சிபிடி எண்ணெயை இணையத்தில் வாங்கி நாக்கின் அடியில் சில சொட்டு விட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு வீரர்கள் பயன்படுத்துவதாகவும் அது தடைப் பட்டியலில் இல்லை என்றும் சொல்கிறார். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது என்று கேட்டதும் எனக்கு அச்சமாக இருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், பாலக்கோடு

பதில்: வேண்டாம் அம்மா. அந்த வீராங்கனை சொன்னது பொய்யில்லை. கன்னாபிடயால் என்னும் சிபிடியை, உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடா, 2018 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. போதை தருவது அதே செடியில் உள்ள டிஹெச்சி என்னும் வேறொரு பொருள்; சிபிடி அவ்வாறு மயக்குவதில்லை. ஆனால் விலக்கு பெற்றது சிபிடி ஒன்று மட்டுமே. டிஹெச்சியும் கன்னாபினாய்டுகள் எனப்படும் அச்செடியின் பிற வேதிப்பொருள்களும் போட்டிக் காலத்தில், அதாவது போட்டிக்கு முந்தைய இரவு 11.59 மணி தொடங்கிப் போட்டி முடிந்து மாதிரி எடுக்கப்படும் வரை, இன்றும் தடை செய்யப்பட்டவையே.

புட்டிக்குள் சிபிடி மட்டுமே இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு என்பதே இங்கே கேள்வி. அமெரிக்காவில் இணையவழி வாங்கப்பட்ட 84 சிபிடி பொருள்களை ஆய்வாளர்கள் சோதித்து, 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் லேபிளில் அச்சிட்ட அளவுக்குச் சரியாகச் சிபிடி இருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 18 பொருள்களில் டிஹெச்சி இருந்தது. ஊக்கமருந்து விதியோ, உடலில் கண்டறியப்படும் பொருள் எப்படி உள்ளே சென்றது என்றாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்கிறது. லேபிளில் இல்லை, கடைக்காரர் சொல்லவில்லை என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றம் நடக்கவில்லை என்று ஆக்கிவிடாது.

உங்களை வீணாக அச்சுறுத்தவும் நான் விரும்பவில்லை. டிஹெச்சிக்கான வரம்பை வாடா 2013-இல் ஒரு மில்லிலிட்டர் சிறுநீருக்கு 15 நானோகிராமிலிருந்து 150 நானோகிராமாக உயர்த்தியது. ஆகவே தூய்மையான எண்ணெயின் ஓரிரு சொட்டால் அந்த வரம்பைத் தாண்டுவது எளிதன்று. எனினும் செடியிலுள்ள சிபிஜி, சிபிஎன் போன்ற பிற கூறுகளுக்கு அத்தகைய வரம்பு எதுவும் கிடையாது. டிஹெச்சி கொழுப்பில் கரைந்து தங்கும் இயல்புடையது என்பதால், தொடர்ந்து எடுத்துக்கொண்டவர் போட்டிக்குச் சில நாள் முன்பு நிறுத்திவிட்டால் போதும் என்ற அறிவுரையையும் நம்ப முடியாது. 2021-இல் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்த ஷாகாரி ரிச்சர்ட்சனுக்கு டிஹெச்சி காரணமாக ஒரு மாதத் தடை விதிக்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஓட முடியவில்லை. அவர் பயன்படுத்தியது சிபிடி அன்று, கஞ்சா. ஆயினும் தண்டனை ஒரு மாதமே என்றாலும் இழப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அவர் ஒரு சான்று.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உங்கள் மகளின் வலிதான். ஓட்டக்காரர்களுக்கு முன்னெலும்பில் வரும் வலி, பயிற்சியைத் திடீரெனக் கூட்டியதால் எலும்பையொட்டிய திசுக்களில் ஏற்பட்ட அழற்சியாக இருக்கலாம். எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாகவும் இருக்கலாம். விரல் நுனியால் குறிப்பிட்ட ஓரிடத்தை அழுத்தினால் கடுமையாக வலிப்பது, ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் இரவிலும் வலிப்பது ஆகியவை இரண்டாவதைச் சுட்டும் அறிகுறிகள். அந்நிலையில் எண்ணெயோ மாத்திரையோ கொடுத்து வலியை அடக்கிவிட்டு ஓட விட்டால், விரிசல் முழு முறிவாக மாறக்கூடும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, ஓடும் அளவுக்கு ஏற்ப உண்கிறாளா என்பவற்றையும் கேளுங்கள். உணவு போதாமல் ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் எலும்பு பலவீனமாவதும் சேர்ந்தே வருகின்றன. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டுங்கள். தொடக்க நாள்களில் எக்ஸ்ரேயில் இவ்விரிசல் தெரியாமல் போவதுண்டு என்பதால், படம் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக உடனே மீண்டும் ஓட அனுப்பிவிடாதீர்கள். 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ள கேழ்வரகு நம் மாவட்டத்தில் விளைகிறது. களியாகவோ கூழாகவோ அது அவள் தட்டில் நாள்தோறும் இருக்கட்டும்.

கேள்வி: இத்தனை புகழ்பெற்ற வீரர்கள் சிபிடியைப் பரிந்துரைக்கிறார்கள் என்றால், அதில் பயன் இல்லாமலா இருக்கும்?
– உடற்கல்வி ஆசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: பரிந்துரைப்பவர்களுள் சிலர் அந்த வணிகத்தில் பங்குடையவர்கள் என்பதை முதலில் பாருங்கள், ஐயா. ஹெம்ப் எனப்படும், டிஹெச்சி 0.3 விழுக்காட்டுக்கு மிகாத கஞ்சா வகையை 2018 டிசம்பரில் அமெரிக்க வேளாண் சட்டம் தடையிலிருந்து விடுவித்ததும், சிபிடி சந்தை மடை திறந்தது போலப் பெருகியது. இங்கிலாந்து ரக்பி வீரர் ஜார்ஜ் குரூயிஸ், வேல்ஸ் வீரர் டாம் டேயுடன் சேர்ந்து சிபிடி நிறுவனம் தொடங்கினார். கால்பந்து வீராங்கனை மேகன் ராபினோ, தம் இரட்டைச் சகோதரியின் சிபிடி நிறுவனத்துக்குத் துணை நின்றார். 2022-இல் அமெரிக்கப் பேஸ்பால் லீக், சார்லட்ஸ் வெப் நிறுவனத்தைத் தன் அதிகாரபூர்வச் சிபிடி பங்காளியாக்கிக்கொண்டது. 2023-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி என்பிஏ கூடைப்பந்து வீரர்கள் சிபிடி நிறுவனங்களில் முதலீடும் செய்யலாம். உடல் நோகும் தொழிலில் இருப்பவர்கள் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலிமாத்திரைகளுக்கு மாற்றுத் தேடுவது நியாயமே; அந்தத் தேடலை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஆராய்ச்சி சந்தையின் வேகத்தில் வளரவில்லை. சிபிடியின் பயன் உறுதியாக நிறுவப்பட்டிருப்பது கடுமையான சில வலிப்பு நோய்களில்தான். எபிடியோலெக்ஸ் என்னும் சிபிடி மருந்துக்கு 2018-இல் அமெரிக்க மருந்துத் துறை அளித்த ஒப்புதல் அவற்றுக்கானது. அம்மருந்தின் வழக்கமான அளவு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது 450 மில்லிகிராம் ஆகும். கடையில் விற்கும் எண்ணெயின் சில சொட்டுகளில் பெரும்பாலும் 20, 30 மில்லிகிராம்தான் இருக்கிறது. அந்தச் சிறிய அளவு தசைவலியைத் தீர்க்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. அளவைக் கூட்டினாலோ கல்லீரலுக்குச் சுமை கூடுகிறது. எண்ணெயில் கலந்துள்ள டிஹெச்சியும் அதே விகிதத்தில் கூடுகிறது. பிரிட்டன் உணவுத் தர முகமை 2023-இல், ஆரோக்கியமான பெரியவர் உணவுப் பொருள்களின் வழி நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சிபிடி எடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. பிற மருந்துகள், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின், கல்லீரலில் சிதைவதையும் சிபிடி தடுக்கக்கூடும்.

கேள்வி: ஓசூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். விற்பனையாளர் ஒருவர் ஹெம்ப் விதைப் புரதத்தூளையும் சிபிடி எண்ணெயையும் விற்பனைக்கு வைக்கச் சொல்கிறார். சட்டம் இடம் கொடுக்கிறதா?
– வாசகர், ஓசூர்

பதில்: இரண்டையும் ஒன்றாகக் கருதாதீர்கள். ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 நவம்பரில் டிஹெச்சி வரம்புகளுடன் உணவாக அனுமதித்தது. ஆனால் விதையில் சிபிடி இயல்பாக இருப்பதில்லை என்றே சொல்லலாம். சிபிடி எண்ணெய் இலையிலிருந்து எடுக்கப்பட்டு, ‘விஜயா’ என்ற பெயரில் ஆயுர்வேத மருந்தாக உரிமம் பெற்று விற்கப்படுகிறது. மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து வகை அது. உடற்பயிற்சிக் கூடத்தின் அலமாரியில் வைக்கத் தக்கதன்று. பூந்தலையிலிருந்து எடுத்ததாக இருந்தால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி அது கஞ்சாவே. எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்பதைப் புட்டியைப் பார்த்து உங்களால் அறிய முடியாது. எண்ணெயை மறுத்துவிடுங்கள்.

கேள்வி: குடிக்காமல், வலிக்குமிடத்தில் தடவும் சிபிடி களிம்பு என்றால் பரவாயில்லையா?
– கபடி வீரர், காவேரிப்பட்டணம்

பதில்: தோலின் வழியே உடலுக்குள் செல்வது குறைவு என்பதால் ஆபத்தும் குறையும். ஆனால் ஊக்கமருந்து விதி, குடித்ததா தடவியதா என்று பார்ப்பதில்லை. போட்டியில் பங்கேற்பவர் என்றால் தவிர்த்துவிடுங்கள், தம்பி. எந்த மருத்துவரிடம் சென்றாலும் நீங்கள் போட்டியாளர் என்பதை மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள்.