லைகோபீன் மாத்திரைக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. தெரிந்தவர் ஒருவர் லைகோபீன் மாத்திரை விற்கிறார். ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம், 30 மாத்திரை 1,200 ரூபாய். தினமும் போட்டால் புராஸ்டேட் புற்றுநோயே வராது என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் உங்களிடம் அவர் சொன்னது முழுக்க வெறுங்கதையும் இல்லை. கொஞ்சம் உண்மையை எடுத்துக்கொண்டு மீதியை இட்டு நிரப்பியிருக்கிறார். அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

தக்காளி, தர்பூசணி, சிவப்புக் கொய்யா ஆகியவற்றின் சிவப்பு நிறம்தான் லைகோபீன். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினுக்கு உறவுக்காரப் பொருள். ஆனால் பீட்டா கரோட்டின் போல உடலில் வைட்டமின் ஏ ஆக மாறாது. 1995-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 48,000 ஆண்களின் உணவுப் பழக்கத்தைத் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். தக்காளி உணவுகளை வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடப் புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் சுமார் 35 சதவீதம் குறைவாக இருந்தது. லைகோபீன் பரவலாகப் பேசப்பட்டது அதற்கப்புறம்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அவர்கள் சாப்பிட்டது தக்காளி, மாத்திரை அல்ல. இரண்டாவது, தக்காளி நிறையச் சாப்பிடுகிறவர்கள் பொதுவாகவே காய்கறி அதிகம் சேர்ப்பவர்களாகவும், உடலைப் பேணுகிறவர்களாகவும் இருக்கலாம். பலன் எதனால் வந்தது என்று இப்படிப்பட்ட ஆய்வை வைத்து அறுதியிட முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-ல் இந்த ஆதாரங்களைப் பரிசீலித்தது. தக்காளிக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்புக்கு ஆதாரம் மிகக் குறைவு என்றது. தனியாகப் பிரித்தெடுத்த லைகோபீன் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரமே இல்லை என்றது.

உணவில் நல்லதாக இருப்பதைப் பிரித்து மாத்திரையாக்கினால் அதே நன்மை கிடைக்கும் என்று நினைத்து உலகம் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அதன் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாகவே வந்தது. லைகோபீனும் அப்படித்தான் செய்யும் என்று நான் சொல்லவில்லை. 'இயற்கைப் பொருள்தானே, தீங்கு என்ன வந்துவிடும்' என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு மாத்திரை 40 ரூபாய். அதிலுள்ள 10 மில்லிகிராம் லைகோபீன், கால் கிலோவுக்கும் குறைவான தர்பூசணிச் சதையில் கிடைக்கிறது. இரண்டு நடுத்தர சிவப்புக் கொய்யாவிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். நார்ச்சத்தும் வைட்டமின் சி-யும் கூடவே வரும்.

அந்த டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்கும் எதிலும் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்க வேண்டும், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இருக்க வேண்டும். டப்பாவில் அப்படி எழுதிவிட்டு, வாயால் மட்டும் புற்றுநோய் வராது என்று சொல்லி விற்பதுதான் நடக்கிறது. நோட்டீஸிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி விளம்பரம் செய்திருந்தால் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

உங்கள் கணவர் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்தாலோ, சிறுநீர் தடைபட்டு வந்தாலோ, அந்த 1,200 ரூபாயை மருத்துவரைப் பார்க்கச் செலவிடுங்கள். மாத்திரையை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகவும் பயம் தருகிறது.

கேள்வி: தக்காளியைவிட கெச்சப்பில் லைகோபீன் அதிகம் என்று படித்தேன். அப்படியானால் பிள்ளைகள் தோசைக்குக் கெச்சப் தொட்டுக்கொள்வது நல்லதுதானே?

பதில்: படித்தது சரிதான். சமைக்காத தக்காளிப் பழத்தில் 100 கிராமுக்கு 3 மில்லிகிராம் அளவில்தான் லைகோபீன் இருக்கும். கெச்சப்பில் அதைப்போல நான்கைந்து மடங்கு. வேகவைத்துச் சுண்டக் காய்ச்சுவதால் வருகிற கணக்கு அது. ஆனால் பாட்டிலைத் திருப்பி ஊட்டச்சத்துப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலான கெச்சப்பில் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சர்க்கரை. உப்பும் தாராளம். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. தக்காளிப் பேஸ்ட்டுக்கு அடுத்த இடத்திலேயே சர்க்கரை உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

நம் வீட்டுத் தக்காளித் தொக்கு இதைவிட எவ்வளவோ மேல். லைகோபீன் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். எண்ணெய் சேர்ந்தால்தான் குடல் அதை நன்றாக உறிஞ்சும். வேகும்போது தக்காளியின் செல்சுவர் உடைந்து லைகோபீன் வெளியே வருகிறது, அதன் வடிவமும் உடல் எளிதில் ஏற்கும்படி மாறுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் தக்காளியை 88 டிகிரியில் சூடாக்கிப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில், பிரித்தெடுக்கக் கிடைத்த லைகோபீன் இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. வைட்டமின் சி மட்டும் கொஞ்சம் குறைந்தது. நல்லெண்ணெயில் வதக்கும் தொக்கு, தக்காளிச் சட்னி, குழம்பு எல்லாம் இந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

தோலை உரித்து வீசாதீர்கள். லைகோபீன் தோலில்தான் செறிவாக இருக்கிறது. ரசத்துக்குக் கரைத்து வடிகட்டிச் சக்கையைக் கொட்டினாலும் பெரும்பகுதி அதோடு போய்விடும். தொக்கில் உப்பு, காரத்தை மட்டும் பிள்ளைகளுக்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளும் தக்காளியை அளவாகவே சேர்க்க வேண்டும்.

கேள்வி: தர்பூசணியில் ஊசி போட்டு நிறம் ஏற்றுகிறார்களாமே? நல்ல சிவப்பாக இருந்தாலே வாங்கப் பயமாக இருக்கிறது.

பதில்: 2025 கோடையில் சென்னையில் இந்தப் பேச்சு பரவி, தர்பூசணி விலை சரிந்து, பயிரிட்டவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். திண்டிவனம், செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயிகளுக்குக் கோடை வியாபாரமே போய்விட்டது. பழுத்த தர்பூசணி சிவப்பாகத்தான் இருக்கும், அந்தச் சிவப்பே லைகோபீன்தான். தக்காளிப் பழத்தைவிடவும் இதில் அதிகம், சமைக்கவும் வேண்டாம்.

ஊசியில் சாயம் ஏற்றினால் அது உள்ளே சீராகப் பரவாது. ஓட்டை விழுந்த பழம் சீக்கிரம் அழுகிவிடும். எந்த வியாபாரி வேலை மெனக்கெட்டு அப்படிச் செய்து நஷ்டப்படுவார்? அப்படியும் சந்தேகம் என்றால் வெட்டிய சதையில் வெள்ளைப் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். செயற்கைச் சாயம் தண்ணீரில் கரைவது, பஞ்சில் பளிச்சென்று சிவப்பாக ஒட்டும்.

முழுப் பழமாக வாங்குங்கள். ரோட்டோரம் வெட்டி வைத்த துண்டில் சாயத்தைவிட ஈயும் தூசும்தான் கவலை. வெட்டாத பழத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை. வெளியே இருக்கும்போது லைகோபீன் கொஞ்சம் கூடவும் செய்கிறது. வெட்டியதும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

கேள்வி: மாதுளை, பீட்ரூட், ஸ்ட்ராபெர்ரியிலும் லைகோபீன் உண்டா?

பதில்: அவற்றின் சிவப்பு வேறு நிறமிகளால் வருவது. நல்ல உணவுகள்தான், லைகோபீனுக்காக வாங்க வேண்டாம். சதை சிவந்த பப்பாளியில் உண்டு, மஞ்சள் பப்பாளியில் கிட்டத்தட்ட இல்லை. கொய்யாவும் அப்படியே. உள்ளே வெள்ளையாக இருந்தால் லைகோபீன் கிடையாது. தோட்டம் இருப்பவர்கள், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா கிரண் கொய்யாக் கன்றை நர்சரியில் கேட்டு வாங்கலாம். சதை நன்றாகச் சிவந்திருக்கும்.

கேள்வி: நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா? எது நல்லது?

பதில்: ரகத்தைவிடப் பழுத்த பழமா என்பதைப் பாருங்கள். பழுக்கப் பழுக்கத்தான் லைகோபீன் சேரும். 30 டிகிரிக்கு மேல் வெயில் நீடித்தால் அது சரியாக உருவாகாது. ஏப்ரல், மே மாதத் தக்காளி சில நேரம் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுவது இதனால்தான். அரைப்பழமாக வாங்கினால் நிழலில் கூடையில் பரப்பி வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பதும் நின்றுவிடும், ருசியும் போய்விடும். விலை இறங்கியிருக்கும் வாரத்தில் நன்கு பழுத்ததாக இரண்டு கிலோ வாங்கித் தொக்குப் போட்டு வைத்தால், விலை ஏறும்போது கைகொடுக்கும். லேசாக நசுங்கிய பழத்தைச் சில கடைகளில் குறைந்த விலைக்குத் தருவார்கள். அன்றைக்கே வதக்குவதாக இருந்தால் அதையே வாங்கலாம், பூசணம் பிடித்ததை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.