நவீன ஓவியக் கண்காட்சிக்குப் போனால் ஒன்றுமே புரிவதில்லை. தஞ்சைப் பக்கம் இருப்பவர்கள் அதற்கெல்லாம் போவதில் பயன் உண்டா?

கும்பகோணத்தில் 19 வருடமாக ஃபிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாணப் போட்டோ, தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் வரும். ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருப்பதால் அங்கே படிக்கிற பிள்ளைகளும், படித்து முடித்தவர்களும் வருவார்கள். அவர்கள் சேர்ந்து கண்காட்சி வைத்தால் படம் மாட்டித் தர நானே ஏணியோடு போய்விடுவேன். அதனால் சொல்கிறேன், கட்டாயம் போங்கள்.

உள்ளே நுழைந்ததும் நாம் ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று கேட்டுவிடுகிறோம். அதற்கு வரைந்த பிள்ளையே திணறும். ‘எதுல செஞ்சே, எப்படிச் செஞ்சே?’ என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசும். படத்தைச் சுற்றி எந்த மவுண்ட் அட்டை வைப்பது, கண்ணாடி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எனக்கு அது தெரிந்தாக வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் பார்க்கப் பழகினேன்.

ஒரு மார்கழியில் 11 பேர் சேர்ந்து ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். மார்கழியில் கல்யாணம் கிடையாது, வாடகை குறைவு. சுவர் பூராவும் படங்கள். நடுவில் ஒரு மேசை, அதன்மேல் காய்ந்த மண் உருண்டை ஒன்று. பெரிய சுரைக்காய் அளவு இருக்கும், சுற்றிலும் இரும்புக் கம்பி கட்டியிருந்தது. முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேர், இன்னும் பிரிக்காத சாமான் போலிருக்கிறது என்று தாண்டிப் போனார்கள்.

சுவாமிமலையில் சிலை வார்க்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண்ணை உடைத்தால் சிலை. ஒரு அச்சில் ஒரு சிலைதான், அப்புறம் அச்சே இருக்காது.

மேசைமேல் இருந்த மண் உருண்டையும் அப்படி ஒரு அச்சுதான். அதைச் செய்த பெண் தன் அப்பாயியின் வலது பாதத்தை மெழுகில் செய்திருந்தாள். வாழ்நாள் பூராவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பாதம். மண் பூசி, மெழுகை உருக்கி விட்டுவிட்டு, அதோடு நிறுத்திவிட்டாள். உலோகம் ஊற்றவில்லை. ‘பித்தவெடிப்பு, சேத்துப்புண்ணு எல்லாம் உள்ளே அப்படியே பதிஞ்சிருக்கு அண்ணே. பாதம்தான் இல்ல’ என்றாள்.

இரண்டாம் நாள் மாலை சிலை வார்க்கும் பட்டறையில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். மற்றவர்கள் தாண்டிப் போன மேசைக்கு நேராகப் போனார். கம்பிக் கட்டை விரலால் தடவினார், உலோகம் ஊற்றும் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். ‘ஏழெட்டு கிலோ புடிக்கும். ஊத்தலையா பாப்பா?’ என்றார். ‘இல்லங்க தாத்தா. அப்பாயி ஐப்பசியில போயிட்டாங்க’ என்றாள். அவர் பதில் பேசவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மண்ணுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். மின்விசிறியை நிறுத்தும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அவருக்கு யாரும் நவீனக் கலை பற்றி வகுப்பு எடுக்கவில்லை. மண்ணும் கம்பியும் தெரியும், அது போதுமாக இருந்தது. டெல்டாக்காரர்களான நமக்கு இந்த வசதி நிறைய உண்டு என்பது என் எண்ணம். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த தென்னையின் வெட்டுமுகத்தில் மை தடவித் தாளில் ஒற்றி எடுத்திருந்தான். தென்னைக்கு மற்ற மரங்களைப் போல வளையம் கிடையாது, வெறும் புள்ளிகள்தான். தோப்பு வைத்திருந்தவர்கள் தூரத்தில் வரும்போதே ‘தென்னை’ என்றார்கள்.

எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 4 பேர் செய்தது எனக்கு ஒட்டவில்லை. ஃபோனில் பார்த்த வெளிநாட்டுப் படத்தின் சாயல் அப்படியே தெரிந்தது. அந்த வயதில் அப்படித்தான் இருக்கும், தேறி வருவார்கள்.

‘தஞ்சாவூர் ஓவியம் இருக்கும்போது இது எதற்கு?’ என்று கடையிலேயே கேட்பார்கள். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-ல்தான் தெரியவந்தது. ஒரு காலத்து ஓவியத்தின் மேலேயே அடுத்த காலத்தார் சுண்ணாம்பு பூசி வரைந்திருக்கிறார்கள். தங்கரேக்கு ஒட்டிக் கல் பதித்த தஞ்சாவூர் ஓவியம் செழித்தது அதற்கும் பிறகு, மராட்டியர் காலத்தில். இந்த ஊரில் புதிதாக வரைவது என்றைக்கும் நின்றதில்லை. நான் தங்கரேக்கு ஓவியத்துக்குத் தேக்குச் சட்டம் போடுகிற அதே மேசையில்தான் இந்தப் பிள்ளைகளின் கேன்வாஸையும் இழுத்து அடிக்கிறேன்.

சரி, போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. திறப்பு விழா அன்று போகாதீர்கள், பேச்சும் பொன்னாடையுமாக இருக்கும், படத்தைப் பார்க்க முடியாது. மறுநாள் சாயங்காலம் போனால் பிள்ளைகள் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை, ஒன்றின் முன்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். வாங்க ஆசைப்பட்டுப் பணம் இல்லை என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள், சின்னதாக ஒரு அச்சுப் படமோ கோட்டோவியமோ வைத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அந்த மண்டபத்தில் அதிக நேரம் நின்று பார்த்தவர்கள் அவர்கள்தான்.