கடனில் இருப்பவரும் தசமபாகமும்

அன்புள்ள ஐயா,

சம்பளத்தில் பாதி கடனுக்கே போய்விடுகிறது. அப்பா இறந்த பிறகு அம்மாவின் மருந்துச் செலவும் என் பொறுப்பு. எங்கள் சபையிலோ பைபிளின் மல்கியா புத்தகத்தைக் காட்டி, தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று அடிக்கடி பிரசங்கிக்கிறார்கள். காணிக்கைப் பை அருகே வந்தாலே குற்ற உணர்வு. கொடுத்தே ஆக வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அம்மாவுக்கு மருந்து வாங்குங்கள். அப்புறம் மல்கியாவுக்கு வருவோம்.

மல்கியா 3:8 அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மூன்று வசனம் முன்னால், கூலிக்காரரின் கூலியில் கைவைப்பவர்களையும் விதவைகளை ஒடுக்குபவர்களையும் தேவன் எச்சரிக்கிறார். அதை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

மோசேயின் சட்டத்தில் தசமபாகம் என்பது விளைச்சலிலும் ஆடுமாடுகளிலும் பத்தில் ஒன்று. ஆலய ஊழியம் செய்த, சொந்த நிலமில்லாத லேவியருக்கு அது பிழைப்பு. உபாகமம் 14-ஐ வாசித்தால் ஆச்சரியப்படுவீர்கள். கொடுப்பவன் அதைத் தேவ சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டுமாம்! மூன்றாம் வருடத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும். அந்தக் கணக்கில் உங்கள் அம்மா வாங்கிக்கொள்பவர்களின் வரிசையில் இருக்கிறார்.

மோசேயின் சட்டத்துக்கு முன்பே ஆபிரகாம் கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார், போரில் கிடைத்த பொருளில். மாதாமாதம் கொடுத்ததாக எங்கும் இல்லை.

அப்போஸ்தலன் பவுல் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது சதவீதம் எதுவும் சொல்லவில்லை. கட்டாயமாக அல்ல, மனதில் தீர்மானித்தபடி கொடுங்கள் என்றார். இல்லாததைக் கணக்கில் எடுக்காமல் உள்ளதின்படி கொடுத்தால் போதும் என்றும் எழுதினார் (2 கொரிந்தியர் 8, 9). தசமபாகம் கொடுக்காதவர்களைச் சபையிலிருந்து விலக்குவோம் என்ற மிரட்டல் பிற்காலத்தில்தான், 585-இல் இன்றைய பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் சங்கத்தில் வந்தது. 779-இல் பிராங்கியரின் அரசர் சார்லமேன் தசமபாகத்தை அரசுச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்.

உங்களுக்கு நேராகப் பொருந்துவது மாற்கு 7. 'இது கொர்பான், காணிக்கை' என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிடுகிறவர்களை இயேசு கடுமையாகக் கண்டிக்கிறார்.

இதற்காகச் சபைக்கு ஒன்றுமே தர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஊழியரும் சாப்பிட வேண்டும், மின்கட்டணமும் கட்ட வேண்டும். அதில் பங்கெடுப்பது நியாயம்தான். கணக்கைக் கேட்பதும் நியாயம்தான். முடிந்த மாதம் முடிந்ததைப் போடுங்கள். முடியாத மாதம் பையைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் பாட்டைப் பாடுங்கள்.

அன்புடன்